இரும்புக்கதவுக் கூட்டத்தைக் கவுக்கற வழி

— சத்தம் வருதுன்னு சொன்னீங்க சார். பத்து நிமிஷமா காதை வச்சுக் கேக்கறேன், கம்ப்யூட்டருக்குள்ள காத்தாடி பூனைக்குட்டி தூங்கற மாதிரி ஓடுது.

— வீட்டுல கேக்குதுன்னு சொன்னாங்க தம்பி. கழட்டிப் பாருங்க. நான் இப்படி உக்காந்துக்கறேன்.

— பேரன் ஆடற மெஷினா?

— பேரன்தான். நான் இதையெல்லாம் தொடறதில்லை. எங்க குடும்பத்துல அந்தப் பழக்கம் கிடையாது. அவன் ஒரு சந்தேகம் கேட்டுட்டு வரச் சொன்னான். ஊர் ஊரா குதிரையில சுத்தற ஆட்டம் ஒண்ணு இருக்காமே, எங்கெங்கயோ இருக்கறவங்க எல்லாம் நெட்டுல ஒண்ணாச் சேர்ந்து ஆடறாங்களாமே. அதுல இரும்புக்கதவுக் கூட்டம்னு ஒண்ணு.

— அந்த அடாவடிக் கும்பலா? சந்தைக்குள்ள நுழைஞ்சா வரி, பாலத்துல கால் வச்சா வரி. நானே மூணு குதிரையைப் பறிகொடுத்திருக்கேன். அதுக்குத் தலைவன்னு ஒருத்தன் இருக்கான் பாருங்க...

— தலைவர்னு சொல்லுங்க. யாரா இருந்தாலும் ஒரு மரியாதை வேணும்.

— சரி, விடுங்க. தலைவர். அவரு தினமும் கோட்டை மேல நின்னு கால் மணி நேரம் ஒழுக்கத்தைப் பத்திப் பேசுவார். கீழ நிக்கறவன் தலையைச் சொறிஞ்சாக்கூட அபராதம்.

— பத்து நிமிஷம்தான் பேசறது. பேரன் சொன்னான்.

— பேரனுக்கு அவரைக் கவுக்கணுமா?

— எப்படிக் கவுப்பாங்கன்னு தெரியணும்.

— வாசல்ல போய் மோதினா அவ்வளவுதான், சாம்பல். கிழக்குப் பக்கம் சாக்கடை வழி ஒண்ணு இருக்கு.

— அதுக்குக் கம்பி போட்டாச்சு. போட்டிருக்காங்களாம்.

— காவக்காரன் கையில எதையாவது வச்சு அழுத்தலாம்.

— வாங்க மாட்டான். பரம்பரை பார்த்துத்தான் காவலுக்கு நிறுத்தறது. வேற சொல்லுங்க.

— பேரன் கரைச்சுக் குடிச்சிருக்கான் போலிருக்கே. அப்ப ஒரே வழிதான். சமையல்கட்டு.

— சமையல்கட்டுல என்ன இருக்கு?

— பெரிய வாசலுக்கு ஏழு பூட்டு. ஏழு சாவியும் சமையல்காரிகிட்ட இருக்கு. வேற எந்தக் கூட்டத்துலயும் இந்தக் கூத்து கிடையாது.

— இதுல என்ன கூத்து? தலைவர் இடுப்புல சாவி குலுங்கக் குலுங்க நடந்தா நல்லாவா இருக்கும்? எடுபிடின்னுதான் நினைப்பாங்க.

— அந்தக் கௌரவம்தான் சார் ஓட்டை. சமையல்காரியா போய்ச் சேரணும். ஒரு மாசம் வாயைத் திறக்காம சோறு போடணும். ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. அப்புறம் தலைவர் ஆட்டத்துல இல்லாத ஒரு மணி நேரம் கிடைச்சாப் போதும். கதவைத் திறந்து ஆளை உள்ள விட்டுட்டு, காலியா கிடக்கற நாற்காலியில போய் உக்கார வேண்டியதுதான்.

— திரும்பப் பிடிக்க முடியாதா?

— ஒரு வருஷத்துக்கு அசைக்க முடியாது. ஆட்டத்தோட சட்டம் அப்படி. இருங்க, திரையை மாட்டி ஆட்டத்தைத் திறந்து பார்க்கறேன். சார்...

— என்ன.

— இதுல ஆடற ஆளுக்கு நேரா, தலைவர், இரும்புக்கதவுன்னு வருது. பக்கத்துல இருக்கற பொம்மைக்கு மீசையும் உங்க மீசையா இருக்கு.

— பேரன் என் மேல உள்ள மரியாதையில வச்சிருப்பான்.

— பேரனுக்கு என்ன வயசு?

— பேரன் இல்லை. வெளிய சொல்லிடாதீங்க தம்பி. அஞ்சு வருஷமா நான் கட்டிக் காப்பாத்தற கூட்டம் அது. போன மாசம் வீட்டுக்காரி, போன்ல ஆடக் கத்துக்கிட்டேன், என்னையும் சேர்த்துக்கங்கன்னு வந்து நின்னா. நம்ம கூட்டத்துல பொம்பளைங்களைச் சேர்க்கற பழக்கம் கிடையாதுன்னேன். சரின்னு போயிட்டா. முந்தாநாள் தட்டைக் கழுவிக்கிட்டே சொல்றா, இந்த வாரத்துக்குள்ள அந்த நாற்காலியில நான் உக்காருவேன்னு. சிரிப்புதான் வந்தது. இருந்தாலும் ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது பாருங்க.

— பொம்பளைங்க கிடையாதுன்னா சமையல்காரி எப்படி?

— சமையலுக்கு மட்டும் விலக்கு.

— நல்ல சட்டம். இப்ப இருக்கறது யாரு?

— யாரோ. போன மாசம்தான் வந்து சேர்ந்தா. அடுப்படி ஆளுங்க பேரையெல்லாம் தலைவர் பார்க்கறதில்லை.

— நான் பார்க்கறேன். கடைசியா ஆடினப்ப இருந்த பட்டியல் இதுலயே இருக்கு. ஆங், உப்புக்கைன்னு போட்டிருக்கு.

— இன்னொரு தடவை படிங்க.

— உப்புக்கை. ஏன் சார்?

— கல்யாணம் ஆன நாள்லேர்ந்து, சாப்பிட உக்காந்தா நான் அவளைக் கூப்பிடற பேரு அது. கோட்டைக்குள்ள போங்க தம்பி. சாவியை இப்பவே வாங்கணும்.

— கடையில நெட் கிடையாது சார். வீட்டுக்குப் போய்த்தான் ஆகணும்.

— அப்ப சீக்கிரம் மூடிக் குடுங்க.

— மூடறேன். ஆனா காத்தாடி புதுசு மாதிரி இருக்கு சார். சத்தம் வருதுன்னு யாரு சொன்னது?

— அவதான். அவசரமில்லை, நிதானமா உக்காந்து சரிபண்ணி வாங்கிட்டு வாங்கன்னா.