வெள்ளைப் படத்தின் ஆண்டு

யாருடைய வீட்டுக்குள்ளும் நான் சப்பாத்தோடு போவதில்லை. மெல்பேர்னுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கம் விடவில்லை. டண்டினொங்கில், போலந்திலிருந்து வந்த ஓவியர் ஸெனன் அங்கிளின் வீட்டு வாசலிலும் கழற்றித்தான் வைத்தேன்.

மணி அடித்தேன், யாரும் திறக்கவில்லை, திரும்பிவிட்டேன் என்று நேற்று இதே பொலிஸ் நிலையத்தில் சொன்னேன். உள்ளே போகாதவன் ஏன் சப்பாத்தைக் கழற்றினான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் களைப்பாக இருக்கிறது. முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

போலந்து ஓவிய இயக்கங்களின் வரலாறுதான் என் துறை. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் அங்கே சிலர் யூனிசம் என்றொரு வழியைக் கண்டார்கள். படத்தில் எந்த மூலையும் மற்ற மூலையைவிட உரக்கப் பேசக்கூடாது. மோதல் கூடாது. போருக்குப் பிறகு வந்த அரசுக்கு அது பிடிக்கவில்லை. டிராக்டரையும் தொழிலாளியையும் வரையுங்கள் என்றது. ஐம்பதுகளின் நடுப்பகுதியில்தான் பிடி தளர்ந்தது.

அந்த இடைக்காலத்தில் யாராவது பழைய வழியில் ஒளித்து வரைந்தார்களா என்று நான் பல வருடம் தேடினேன். ஒருநாள் ஸெனன் அங்கிள் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு வெள்ளைப் படத்தை இழுத்துக் காட்டினார். 1952, மாணவனாக இருந்தபோது ஒளித்து வரைந்தது என்றார். என் புத்தகமும், அடுத்த வியாழன் திறக்கிற கண்காட்சியும் அந்த ஒரு படத்தில்தான் நிற்கின்றன.

திங்கள் பின்னேரம் என்னை வரச்சொன்னார். தேசிக்காய் போட்ட தேத்தண்ணீர் தந்தார். அந்தப் படத்தை இந்த நாட்டுக்கு வந்த பிறகு, எழுபத்தினாலில், தொழிற்சாலை வேலை முடிந்துவந்து வரைந்ததாகச் சொன்னார். அப்போது ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். நான் அவ்வளவு ஆசையோடு கேட்டபோது இல்லையென்று சொல்ல மனம் வரவில்லையாம்.

"நான் வீரன் இல்லை, வராட்," என்றார். வரதராஜா என்ற பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும். "ஐம்பத்திரண்டில் டிராக்டர்தான் வரைந்தேன். நன்றாகவும் வரைந்தேன். கண்காட்சி திறக்கிற அன்று எல்லாருக்கும் முன்னால் அதைச் சொல்லப்போகிறேன்."

வேண்டாம் என்று கெஞ்சினேன். என் புத்தகத்தில் ஒரு டிராக்டரை நிறுத்த இடமில்லையா என்று சிரித்தார். அந்தப் பழைய படங்களை எடுத்துக்காட்ட ஸ்டூலில் ஏறினார். தொண்ணூறு தாண்டியவர். பிடித்து இறக்கியிருக்கலாம். விழுந்தார்.

நான் தள்ளவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அம்புலன்ஸுக்கு அடி என்றார். போன் மேசையில்தான் இருந்தது. தேத்தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது, அதைக் குடித்து முடித்தேன். தனியாக இருக்கிற முதியவர்களுக்குக் கொடுப்பார்களே, கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தான், அதை அவருடைய கை தேடியது. கயிறு தொண்டையை அழுத்தும் என்று நினைத்து அதைக் கழற்றி அலுமாரிமேல் வைத்தேன்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பரீனா சூப் கொண்டுவந்தா. அவவிடம் அந்த வீட்டுத் திறப்பு இருக்கிறது, தினமும் தானே திறந்து வருவா. வாசலில் சப்பாத்தைக் கண்டிருக்கிறா. வாசலில் சப்பாத்தைக் கழற்றுகிற நம்முடைய ஆட்கள் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று விளங்கியிருக்கும். கதவைத் திறக்காமல் வெளியே நின்றே சொன்னா.

"அங்கிள், ஆள் வந்திருக்குப் போல. கதைச்சுக்கொண்டிருங்கோ, பிறகு வாறன்."

அவருக்குக் குரல் எழும்பவில்லை. எனக்கு எழும்பியிருக்கும். அவவின் காலடிச் சத்தம் தேயும்வரை பேசாமல் இருந்தேன்.

வெளிச்சம் போகும்வரை பக்கத்திலேயே கதிரையைப் போட்டு இருந்தேன். கையைக்கூடப் பிடித்துக்கொண்டேன். தனியாகப் போனார் என்று யாரும் சொல்லக்கூடாது. மூச்சு நின்ற பிறகு பொத்தானைத் திரும்பக் கழுத்தில் போட்டேன், கிளாஸ்களைக் கழுவினேன், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

நான்தான் அவரைச் சாகவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். வியாழக்கிழமை அந்தப் படத்துக்குக் கீழே 1952 என்றே இருக்கட்டும். அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.