சுகிர்தம் திட்டாத லெந்து

ஏன் தம்பி ரொம்ப நேரமா எங் காலையே பாத்துனு இருக்கீங்க? ஆமா, வலது கால்ல நீலச் செருப்பு, இடது கால்ல பழுப்புச் செருப்பு. எனக்கும் தெரியும். பைத்தியமெல்லாம் இல்ல, பயப்படாம உக்காருங்க. எம் பொஞ்சாதி திட்டுறத விட்டுட்டா. அதுலேருந்து நான் இப்படி ஆயிட்டேன்.

சிரிக்காதீங்க. அவ பேரு சுகிர்தம். மத்திகிரி மாட்டுப் பண்ணைக்குப் பின்னாடி எங்க வீடு. நீங்களும் மத்திகிரிலதான் எறங்கணுமா? நல்லதாப் போச்சு. அப்ப நிதானமாச் சொல்றேன்.

சுகிர்தம் மூணு பாஷைல திட்டுவா. சாதா நாள்ல தமிழு. பாத்திரம் பண்டம் ஒடஞ்சா தெலுங்கு. நான் பொய் சொல்லி மாட்டுனா கன்னடம். அவ கன்னடத்துல ஏறுனா, பண்ணை மாடெல்லாம் அசை போடுறத நிறுத்திட்டு காத நிமித்திக் கேக்கும். பால் கறக்குற ஆளே வந்து, அக்கா இன்னும் கொஞ்ச நேரம் திட்டுங்க, மாடு ஒதைக்காம நிக்குதுன்னு கேட்டுட்டுப் போயிருக்கான். நெசம் தம்பி. நம்பலன்னா அந்த மாட்டையே கேளுங்க.

இந்த வருசம் லெந்து, அதான் ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற நாப்பது நாள் நோன்பு, ஆரம்பிச்ச அன்னிக்கு பாஸ்டரு பிரசங்கத்துல ஒரு போடு போட்டாரு. ஈஸ்டர் வரைக்கும் கறிய விடறேன், மீன விடறேன்னு வர்றீங்க, முடிஞ்ச மறுநாளே ரெண்டு மடங்கா தின்றீங்க, உங்க நாக்கு எதுக்கு அடிமையோ அத விட்டுப் பாருங்கன்னாரு. ஒரு அம்மா காப்பிய விடறேன்னாங்க. இன்னொரு அம்மா ஊர்க்கதைய விடறேன்னாங்க, அவங்க பேரச் சொல்ல மாட்டேன், அன்னிக்குச் சாயங்காலமே எங்க வீட்டுக்கு வந்து மறுபடி ஊர்க்கதையப் பிடிச்சுக்கினாங்க. அப்பத்தான் சுகிர்தம் எந்திரிச்சா. முக்காட்ட இழுத்து விட்டுனு, எங்க வீட்டுக்காரரத் திட்டுறத விடறேன் ஐயான்னா.

பாஸ்டரு கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. அம்மா, மொதல்ல லேசா எதுனா ஆரம்பிக்கலாமேன்னாரு. அவ கேக்கல.

எனக்கா? எனக்குச் சந்தோசம் தாங்கல. நேரா செருப்போட நடுவீட்டுக்குப் போனேன். ஈரத் துண்டக் கட்டில் மேல போட்டேன். சுகிர்தம் பாத்தா. வாயத் தொறந்தா. தொண்டை வரைக்கும் வந்துருச்சு, கழுத்து நரம்பு பொடைச்சுனு நிக்குது. அப்புறம் கண்ண மூடுனா. ஸ்தோத்திரம்னா. அவ்ளோதான். துண்ட எடுத்துக் கொடியில போட்டுட்டுப் போயிட்டா.

ரெண்டு நாள் இனிச்சுது. அப்புறந்தான் தெரிஞ்சுது, என் பொழப்பே அந்தத் திட்டுல ஓடினு இருந்துச்சுன்னு. மாத்திரை போட்டியா மரமண்டைன்னு அவ கத்துனாத்தான் எனக்கு பிரசர் மாத்திரை ஞாபகம் வரும். கண்ணாடிய ஃப்ரிட்ஜுல வச்சுட்டு வீடு பூராத் தேடுனேன். சட்டைய உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுனு கல்யாணத்துக்குப் போயி, மாப்பிள்ளையோட போட்டோ எடுத்துனு வந்தேன். எல்லாத்துக்கும் அவ ஸ்தோத்திரம்.

எனக்கு மட்டுமா கஷ்டம்? எதிர் வீட்ல நவீன்குமார்னு ஒருத்தன் வாடகைக்கு இருக்கான், கம்பெனில வேலை. அவனுக்கு சுகிர்தந்தான் அலாரம். தமிழ்ல ஆரம்பிச்சா எந்திரிப்பான், தெலுங்குக்குள்ள குளிச்சு முடிப்பான். லெந்து வந்ததுலேருந்து கம்பெனி பஸ்ஸ உட்டுட்டு உட்டுட்டு, தாத்தா, எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு வர்ற வாரம் மட்டும் பாட்டியத் திட்டச் சொல்லுங்கன்னு வாசல்ல வந்து நிக்கிறான். பக்கத்து வீட்டு ஃபகருன்னிசாம்மா இன்னும் ஒரு படி மேல. அவங்க ரம்ஜான் நோன்பும் எங்க லெந்தும் இந்த வருசம் ஒண்ணாத்தான் ஆரம்பிச்சுது. அக்கா, எங்க நோன்பாவது சாயங்காலம் தொறந்துடும், உங்களது தொறக்கவே மாட்டேங்குதே, ஒடம்புக்கு ஆகாதுக்கான்னு சொல்லிட்டு ஒரு கை பேரீச்சம்பழம் குடுத்துட்டுப் போனாங்க.

அப்பத்தான் முடிவு பண்ணேன். எப்படியாச்சும் ஒரு திட்டு வாங்கிடணும். சின்னத் திட்டு போதும்.

ஊறுகா ஜாடியக் கீழ போட்டேன். கண்ணுல தெலுங்கு வந்துருச்சு தம்பி, நான் பாத்தேன். வாயில வந்தது ஸ்தோத்திரம். சரி, கன்னடத்துக்கே போவோம்னு ஒரு நாள் வேணும்னே லேட்டாப் போனேன். எங்க போனீங்கன்னா. சானமாவு காட்டுல ஒரு யானை வழிய மறிச்சுது, கர்நாடகாலேருந்து வந்த யானை, தமிழ் தெரியல, உத்தனப்பள்ளிக்கு எப்படிப் போறதுன்னு கன்னடத்துல கேட்டுச்சு, கூடவே போயி விட்டுட்டு வர்றேன்னேன். மத்த நாளா இருந்தா தெருவே கூடியிருக்கும். அன்னிக்கு என்ன சொன்னா தெரியுமா? பாவம், பத்திரமாப் போய்ச் சேந்துச்சா, ஸ்தோத்திரம்.

கடைசியா அவ ஈஸ்டருக்குன்னு எடுத்து வச்சிருந்த சேலைல சைக்கிளத் தொடச்சேன். தப்புதான், தப்புதான். அதுக்கும் ஸ்தோத்திரந்தான். ஆனா அந்த ஸ்தோத்திரத்துக்கு ஓட்டு மேல இருந்த காக்காயெல்லாம் எந்திரிச்சுப் போயிருச்சு.

அது போகட்டும். கண்டக்டர் என்னை மொறைக்கிறத கண்டுக்காதீங்க. காலைலேருந்து இதே வண்டிலதான் போயினும் வந்துனும் இருக்கேன். எங்க ஸ்டாப்பு வந்தா தலையக் குனிஞ்சுக்குவேன். ஏனா? இன்னிக்கு ஈஸ்டர் இல்லையா தம்பி. விடியக்காலை ஆராதனையோட லெந்து முடிஞ்சு போச்சு.

பாஸ்டரு ஆமென்னு சொன்னாரு பாருங்க, சுகிர்தம் திரும்பி என்னைப் பாத்தா. சிரிச்சா. தொண்டையக் கனைச்சுக்கினா. இவ திட்டுறத விடலடா, எல்லாத்தையும் உள்ள போட்டு வச்சிருக்காடான்னு அப்பத்தான் ஒறைச்சுது. துண்டு, ஜாடி, யானை, சேலை. சர்ச் வாசல்ல கெடந்த செருப்புல கால நொழைச்சுனு ஓட்டமா ஓடி இந்த வண்டில ஏறிட்டேன். அந்தப் பழுப்புச் செருப்பு பாஸ்டரோடது.

நீங்க ஒரு ஒத்தாசை பண்ணுங்க. எங்கூட வீட்டுக்கு வாங்க. கோழிக் கொழம்பு வச்சிருப்பா. விருந்தாளி முன்னாடி திட்ட மாட்டா. உங்கள என் சின்ன வயசு சிநேகிதர்னு சொல்லிக்கலாம். வயசு ஒத்து வராதா? அதுவும் சரிதான்.

ஐயோ, ஸ்டாப்பு வந்துருச்சு. அதோ பாருங்க, நிக்கிறா. கைல என்னோட இன்னொரு நீலச் செருப்பு. பக்கத்துல ஒத்தக் கால்ல நிக்கிறாரே, அவருதான் பாஸ்டரு. பாத்துட்டா. வாயத் தொறந்துட்டா. சும்மா இருங்க தம்பி, கேக்கணும்.

தமிழு. இல்ல, தெலுங்கு. கன்னடமும் வருது, மூணும் ஒண்ணா வருது. நடுவுல மாத்திரை போட்டியா மரமண்டைன்னு கேக்குறா, கேட்டுச்சா உங்களுக்கு?

கொஞ்சம் கால மடக்குங்க, வழி விடுங்க. நீங்க எங்கூட வர வேணாம், கொழம்பு இன்னொரு நாளைக்கு. நான் தனியாவே எறங்கிக்கிறேன். 

ஸ்தோத்திரம்.