ராஜாக்களுக்கு முந்தின வரப்பு

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு விவசாயிகள். ஜன்னலோரம் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்:

“ராஜாக்களுக்கும் முந்தின காலத்துலயே அது என் வரப்புன்னு ஆபீசரே சொல்லிட்டாரு. இனிமே என் தம்பி கோர்ட்ல என்ன பேசுவான்?”

“எந்த ஆபீசருப்பா?”

“பழங்காலத்து சாமான் தேடி மெட்ராஸ்லேர்ந்து வந்து எங்க நெலத்துல அங்கங்க குழி வெட்டிப் பாத்தாரே, அவருதான். தம்பி நெலத்துல நாலு மொழம் உள்ள தள்ளி, மண்ணுக்கடியில பழைய கல்லுக்கட்டு இருக்குது. அந்தக் காலத்து ஜனங்க நெலத்தச் சுத்திக் கட்டினதாம். அப்ப அந்த நாலு மொழமும் எனக்குத்தானே?”

“சுத்தின்னா எல்லாப் பக்கமும் இருக்கணுமே. உன் கெணத்துப் பக்கம் எங்க போவுது?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். விக்கிரவாண்டி தாண்டியதும்தான் இந்தப் பக்கம் திரும்பினார்.

“கெணத்துக்கு இந்தாண்டயே போவுதுன்னாரு.”

“அப்ப கெணறு பக்கத்து நெலத்துக்காரனுக்கா?”

“கெணத்தாண்ட வெட்டின குழிய அன்னிக்கே மூடிட்டேன்பா. மேல மல்லாட்டை வெதச்சேன், இப்ப பூ வுட்டுக்கினு இருக்குது.”