நாத்தம் நின்னதும் எறங்கு

— பாத்து முடிச்சாச்சு ரெனிட்டாக்கா! நேத்து இங்க பாத்தத காலைலயே தமிழ்ல எழுதி இன்பராஜ் அண்ணன் கைல குடுத்துட்டேன். செம வெப்சைட்டு! உலகத்துல இருக்குற வெல்டருங்கல்லாம் அதுல தான் பேசிக்கிறாங்க. துருப்புடிச்ச டேங்க எப்டி வெல்டு அடிக்கறதுன்னு ஒர்த்தன் புட்டு புட்டு வெச்சிருக்கான்.

— ஒர்த்தன்னா யாருடா ஜோவின்?

— வெல்ட் கிங்.

— அது ஒரு பேரா? இன்னா வேலை, எந்த ஊரு, ஒண்ணையும் காணோம். எங்க கெமிஸ்ட்ரி மேடம் சொல்வாங்க, பேர் போடாதவன் சொல்றத பரிட்சைல கூட எழுதாதீங்கன்னு.

— நீ பி.எஸ்சி. முடிச்சிட்டு பிரவுசிங் சென்டர்ல உக்காந்துனு இருக்கற கடுப்பு, அதான் பேசுது.

— ஒதப்பேன். இன்னா பண்ண சொல்றான்?

— ஆசிட் ஊத்தி துருவ கழுவணும். நாத்தம் நின்னதும் உள்ள எறங்கி அடிக்கணும். அவ்ளோதான்!

— எந்த டேங்க்கு?

— அண்ணன் வேலை செய்ற தோல் பதனிடற ஷாப்புல, முடி உதிர்றதுக்கு தோல ஊற போடுவாங்களே, சல்பைடு தண்ணி, அந்த டேங்க்கு. அடில ஓட்ட. தண்ணிய எறச்சாச்சு, சேறு தான் முழங்கால் அளவு நிக்குது. ஆசிட்டுக்கும் பேஜார் இல்ல, தோலுக்கு போடறது கேன் கேனா அங்கயே கெடக்குது.

— சல்பைடு சேத்துல ஆசிட்டா?

— ஏங்க்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— அவன் தண்ணி டேங்க்குக்கு சொல்லிருக்கான்டா. மேலயே போட்டுருக்குது, பாரு!

— டேங்க்குன்னா டேங்க்கு தானேக்கா...

— எழுந்திரு. நா தேடறேன்... இதோ, இது ஃபேக்டரி சேஃப்டிக்குன்னே இருக்கறது. எழுதினவங்க பேரு, தேதி, எல்லாம் இருக்குது... பேஜு முழுசா வர மாட்டேங்குதே... ம், வருது. "சல்பைடோட ஆசிட் சேந்தா விஷ வாயு. அழுகின முட்டை நாத்தம் அடிக்கும்." ஆண்டவரே! அண்ணன் எப்ப ஊத்தறாரு?

— இந்நேரம் ஊத்திருப்பான்.

— ஃபோன் போடு!

— உன் கடைல ஒரே ஃபோன் லைனு தானே, அதுல நெட்டு ஓடுதேக்கா?

— நெட்ட கட் பண்ணிட்டேன். வந்த வரைக்கும் ஸ்கிரீன்ல நிக்கும். போடுடா!

— ஹலோ, வாட்ச்மேனா? இன்பராஜ் தம்பி. அண்ணன கூப்புடு, அர்ஜென்ட்டு... அண்ணே! டேங்க் கிட்ட போவாத, அது விஷம்... இன்னா? நா சொல்றது கேக்குதா? அண்ணே!... வெச்சிட்டான்க்கா. தோல் டிரம்மு சுத்தற சத்தத்துல நா பேசினது விழவே இல்ல.

— அவரு இன்னா சொன்னாரு?

— பயப்படாத, நல்ல சேதி தான். முட்டை நாத்தம் கொடல பொரட்டுச்சாம். இப்போ சுத்தமா நின்னுடுச்சாம். "நீ எழுதினாப்லயே ஆயிடுச்சுடா, எறங்கறேன்"னான்.

— ஜோவின்... கடைசியா ஒரு வரி வந்து நிக்குது. "நாத்தம் நின்னா வாயு போய்டுச்சுன்னு அர்த்தம் இல்ல. மூக்கு மரத்துடுச்சுன்னு அர்த்தம்."