நாலாவது பட்டன்

மத்தியானம் பன்னிரண்டரை. ஓரிக்கை ரோடு. சித்திரை வெயில்... நாய்கூட, நிறுத்திவைத்த லாரிக்கு அடியில் படுத்துவிடும் நேரம்.

பேய்க் கதை என்றால் நடுராத்திரியில்தான் தொடங்கணும் என்று நினைக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்குங்க. ராத்திரி வர்றது பயமுறுத்திவிட்டுப் போயிடும். உச்சி வெயிலில் வர்றதுக்கு வேலை இருக்கும்.

இது நம்ம வசந்தோட பெரியப்பாவுக்கு நடந்தது. வசந்த் ஊரில் இல்லை, அதனால் முழுசாகச் சொல்லலாம். அந்த டார்ச்சை அணைச்சிடுங்கப்பா. கரண்ட் வரும்போது வரட்டும்.

பெரியப்பா பேர் திருஞானசம்பந்தம். ஆனால் வெறும் பேரைச் சொன்னால் கோபம் வரும். 'இசைப் பேரருவி, விரல் வேந்தர்' என்று முன்னால் சேர்த்துக்கணும். இரண்டு பட்டமும் அவரே செலவு பண்ணி வாங்கியது. வீட்டில் அவர் மனைவி கலாவதி நாலு தறி ஓட்டினாள். பேரருவிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான். காஞ்சிபுரத்தைச் சுற்றி எங்கே கல்யாணம், எங்கே உற்சவம் என்றாலும் சம்பந்தம் இசைக்குழு. கறுப்புக் கண்ணாடி, பட்டுச் சட்டை, கண்ணை மூடி ஒரு தலையாட்டல்...

அவருக்கு வாசிக்கத் தெரியாது.

தெரியாது என்றால், ஒற்றை விரலால் சரிகமகூட வராது. வாசித்தது மாணிக்கவேல். பழைய ஜப்பான் சின்தசைசர் ஒன்று. அதைத் திரைக்குப் பின்னால் வைத்து மாணிக்கவேல் வாசிப்பார். திரைக்கு முன்னால், ஒயர் சொருகாத ஒரு கீபோர்டில் சம்பந்தம் விரலை ஓட்டுவார். மாணிக்கவேல் அதிகம் பேச மாட்டார். பல்வலிக்காரர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு.

அந்த மெஷினில் பாட்டைப் பதிந்து வைக்கலாம் என்று சம்பந்தத்துக்கு ஒரு நாள் தெரிந்தது. தறிக்கு மேலே அட்டை ஓடினால் சேலையில் பூ தானாக விழும் இல்லையா, அந்த மாதிரி. அட்டை இருந்தால் ஆள் எதுக்கு?

"எல்லாப் பாட்டையும் மெமரில ஏத்துப்பா," என்றார்.

பத்து நாள் கழித்து மாணிக்கவேல் வந்து சொன்னார். "ஏத்திட்டேண்ணா. நாலாவது பட்டனை அழுத்துங்க. வரிசையா வந்துக்கினே இருக்கும்."

அந்த வாரமே ஒரு முகூர்த்தம் முடிந்து திரும்பும்போது, இதே ஓரிக்கை ரோட்டில், இதே வெயிலில், வேனை நிறுத்தி அவரை இறக்கிவிட்டார் சம்பந்தம். வேனில் நெருக்கமாம். சின்தசைசருக்கு சீட். மாணிக்கவேலுக்கு ரோடு. பின்னால் மணல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது...

மறுநாள் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். செத்தவர் படம் பாஸ்போர்ட் அளவு. அஞ்சலி செலுத்துகிறவர் படம் ஆளுயரம்.

அப்புறம் நாலு வருஷம், சின்தசைசர் திரைக்கு முன்னால். நாலாவது பட்டன், கைதட்டல், மாலை. ஒரே ஒரு குறை. சின்தசைசரின் டிஸ்ப்ளே லைட் மங்கி மங்கி, கடைசியில் செத்துப்போச்சு. எழுத்தே தெரியாது. வாசிக்காதவருக்குப் படிக்க என்ன இருக்குது என்று அவரும் விட்டுவிட்டார். போன வருஷம் யாரோ செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோவுக்குக் கீழே ஒருத்தன் எழுதினான்: "டிஸ்ப்ளே செத்துக் கெடக்குது, மாஸ்டர் மட்டும் ஆடிக்கினு கீறாரு."

ஊர் சிரித்தது. சம்பந்தம் கணக்குப் போட்டார். சிரிக்கிறவன் நாளைக்குக் கிட்ட வந்து பார்ப்பான். பார்க்கப்போகிற நாளும் வந்தது: உற்சவ மேடையில் 'சின்தசைசர் சக்கரவர்த்தி' பட்டம். தெருவுக்குத் தெரு பேனர். மெக்கானிக்கிடம் கொடுத்தால் குட்டு உடைந்துவிடும். லைட்டை நாமே மாற்றிவிடுவது என்று, பட்டம் வாங்குகிற அன்னிக்கு மத்தியானம், ஓரிக்கையில் பூட்டிக் கிடந்த தன் பழைய வீட்டுக்குக் காரில் கிளம்பினார்.

அந்தப் பன்னிரண்டரைதான் நான் சொன்னது.

மாணிக்கவேலை இறக்கிவிட்ட இடம் தாண்டும்போது பின்சீட்டில் ஒரு சத்தம். ஙொய்ங்... கொசு காதோரம் பறக்கிற மாதிரி. சம்பந்தத்துக்குத் தெரிந்த சத்தம்தான். அந்தப் பழைய லைட்டுக்குக் கரண்ட் ஏற்றிக் கொடுக்கிற சின்ன டப்பா ஒன்று சின்தசைசருக்குள் உண்டு. மெஷின் ஓடும்போதெல்லாம் அது அப்படித்தான் முனகும்.

மெஷின் ஓடவில்லை. ஒயர் சுருட்டி டிக்கியில் கிடந்தது.

ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு ஓட்டினார்.

வீட்டில் ஜன்னலை எல்லாம் சாத்தினார். செல்போனில் ஒரு வெள்ளைக்காரன் செய்து காட்ட, அதைப் பார்த்துப் பார்த்து ஸ்குரூவைக் கழற்றினார். டிஸ்ப்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பழைய லைட், பழுப்பேறிய தாள் மாதிரி, உரித்தால் உரிந்து வந்தது. முனகல் டப்பாவின் இரண்டு ஒயரையும் வெட்டி, அதை எடுத்து மேஜைமேல் வைத்தார். புது எல்இடி தகட்டைச் சொருகினார். பற்றவைத்தார். ஈயப் புகை மூக்கில் ஏறியது... அதுக்கு அடியில் இன்னொரு வாசனை. காரமாக. கிராம்பு.

சுவிட்சைப் போட்டார்.

நீல வெளிச்சம். அறையே குளம் மாதிரி ஆச்சு. நாலு வருஷத்தில் முதல் தடவையாக எழுத்து பளிச்சென்று தெரிந்தது. சம்பந்தம் குனிந்து படித்தார்.

முதல் பாட்டு: எம்ப்டி. இரண்டாவது: எம்ப்டி. கடைசி வரை தள்ளிப் பார்த்தார். எல்லாம் எம்ப்டி.

நம்ம கை பட்டு அழிந்துபோச்சு என்றுதான் முதலில் நினைத்தார். சாயங்காலம் பட்டம். நாலாவது பட்டனை அழுத்தினார்.

பாட்டு வந்தது. முழுசாக, குறையில்லாமல், நாலு வருஷமாகக் கேட்ட அதே வாசிப்பு. டிஸ்ப்ளேயில் எழுத்து மாறவில்லை. எம்ப்டி. அதுக்குக் கீழே ஒரு வரியில் தேதி... கடைசியாக மெமரியில் எழுதிய தேதி. மெஷினைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினதுக்கும் முந்தின தேதி.

மாணிக்கவேல் ஒரு பாட்டும் ஏற்றவே இல்லை. ஏற்றினால் தன்னைக் கழற்றிவிடுவார்கள் என்று தெரிந்து பொய் சொல்லியிருக்கிறார். நாலு வருஷமாக அட்டையே மாட்டாத தறியில் பூ விழுந்துக்கினு இருந்திருக்குது.

மேஜைமேல், ஒயர் அறுந்த அந்த டப்பா... ஙொய்ங்.

வேற யாராக இருந்தாலும் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்பாங்க. சம்பந்தம் வாசல்வரை ஓடினார். அங்கே நின்றார். கவுன்சிலர் வருகிறார். சால்வை வாங்கியாச்சு. நிருபர்களுக்குச் சாப்பாடு சொல்லியாச்சு. பேய்க்குப் பயந்தால் பட்டம் போயிடும்.

திரும்பி வந்து மெஷினைத் தூக்கிக் காரில் வைத்தார்.

சாயங்காலம் மேடை. கூட்டம். நீல டிஸ்ப்ளே கடைசி வரிசைவரை தெரிந்தது. பாடகி ஜெயப்ரியா பக்கத்தில் மைக்கோடு. சம்பந்தம் கண்ணை மூடி, தலையை ஆட்டி, நாலாவது பட்டனை அழுத்திவிட்டு வழக்கம்போல் விரல்களைக் கட்டைகளுக்கு மேலே மிதக்கவிட்டார்.

மிதக்கவில்லை. இறங்கின.

ஒவ்வொரு விரலும் கட்டையில் போய் அழுந்தியது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை. பாட்டு வேகம் பிடித்தது. இந்த வாசிப்பை யாரும் கேட்டதில்லை. கூட்டம் விசிலடித்தது.

ஜெயப்ரியா கிட்ட வந்தாள். "இன்னா மாஸ்டர்... இன்னிக்கு நெசமாவே வாசிக்கிறீங்க?"

அவளுக்கு எப்பவோ தெரியும் போல.

"ஒயரைப் புடுங்கும்மா," என்றார். உதடு மட்டும் அசைந்தது.

"கூட்டம் இப்பதான் சூடாவுது மாஸ்டர்."

"புடுங்கு. கை வலிக்குது."

முகத்தைப் பார்த்துவிட்டு அவள் குனிந்து பிளக்கை இழுத்தாள். கையோடு வந்தது. நீல வெளிச்சம் அப்படியே நின்றது. பாட்டும் நிற்கவில்லை. கிராம்பு நாற்றம் தாங்காமல் அவள் புடவை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனாள்.

கவுன்சிலர் பட்டயத்தை நீட்டினார். சம்பந்தத்தால் கை எடுத்து வாங்க முடியவில்லை. சால்வையைத் தோளில் போட்டார்கள். "பட்டம் கொடுக்கிறப்பகூட கட்டையில இருந்து கையை எடுக்காத கலைஞனை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்," என்று கவுன்சிலர் மைக்கில் உருகினார். சக்கரவர்த்தி அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்து, நாற்காலி மடக்கின பிறகுதான் அது விட்டது.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனியில் ஒன்றுமில்லை. பத்து நகமும் கறுத்து, ரத்தம் கட்டி, நடுவில் குழிந்திருந்தது.

"வாசிச்சு வாசிச்சு..." என்று கலாவதி ஆரம்பித்தாள்.

"அப்படின்னா அடி கீழ பட்டிருக்கணும்மா. இது மேல இருந்து. இவர் கைமேல யாரோ கை வச்சு அழுத்தியிருக்காங்க. யாரு?"

கலாவதி புருஷன் முகத்தைப் பார்த்தாள். சம்பந்தம் மயக்க ஊசியில் தூங்கிக்கினு இருந்தார். டாக்டர் பஞ்சை எடுக்கக் கை நீட்டினாள்.

அவள் பார்த்துக்கினு இருக்கும்போதே, வலது கைச் சுண்டுவிரல் நகம் மெத்தையோடு ஒரு தடவை அமுங்கி... எழுந்தது.