ஆற்றங்கரை மண்டபத்துப் படம்

கல்லைப் படமெடுக்கக் காலை ஏழரை மணி வெயில்தான் சரி, ஐயா. அதற்குமேல் போனால் சிலையின் முகத்தில் நிழல் தங்காது. செராமிக் கம்பெனியில் கோப்பைகளைத் தரம் பிரிப்பவன் நான். ஞாயிறுகளில் கேமராவோடு விருத்தாசலத்தைச் சுற்றுவேன். பெரிய கோயில் கோபுரம், தெருமுனைச் சிலைகள், ஊருக்கு வெளியே மணிமுத்தாற்றங்கரையில் யாரும் எட்டிப் பார்க்காத ஒரு பழைய மண்டபம். ஏழு வருடமாக ஃபேஸ்புக்கில் போட்டுவந்தேன். பத்துப் பேர் பார்ப்பார்கள்.

போன ஆடியில் அந்த மண்டபத்தில் என் கேமரா ஸ்டாண்டு சாய்ந்து, தூணிலிருந்த பெண் சிலையின் விரல் உடைந்தது. தற்செயல்தான். பழைய படத்தையும் புதுப் படத்தையும் சேர்த்துப் போட்டு, ‘யாரோ உடைத்துவிட்டார்கள்’ என்று எழுதினேன். ஒரே நாளில் நாலாயிரம் பேர் பகிர்ந்தார்கள். மண்டபத்தைப் பார்க்க ஜனங்கள் வந்தார்கள். கல்லுக்கு அது நல்லதுதானே. பிறகு ஒரு காது, ஒரு மூக்கு என்று நானே உடைத்தேன். சுத்தியலில் துணி சுற்றிக்கொண்டால் அதிகம் சிதறாது.

நாலாவது முறை மாரிமுத்து பார்த்துவிட்டார். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர் போட்டிருந்தவர். அந்தப் பெண் சிலைக்குத் தினமும் விளக்கு வைப்பவர். கீழே கிடந்த முகத்துண்டை இரண்டு கையாலும் எடுத்து ஏந்திக்கொண்டார்.

“இன்னா சார், நீங்களா ஒடைக்கிறீங்க? நாங்க கும்புடுற அம்மா சார் இது.”

சுத்தியலைப் பைக்குள் வைத்தேன். அவரே சொன்னார்: “நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். இனிமே செய்யாதீங்க, அது போதும்.”

சொல்ல மாட்டார் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் கல்லை ஏந்தியபடி அவர் நின்றது படத்துக்கு நன்றாக இருந்தது. ஒரு படம் எடுத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும், ‘உடைத்தவன் இவன்தான்’ என்று போட்டேன். மத்தியானத்துக்குள் பைக்குகளில் ஆட்கள் போய்விட்டார்கள். அவருடைய கொல்லையிலேயே வைத்து அடித்தார்களாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அவர் மனைவி அருக்காணி என்னைத் தேடி வந்தார். ஃபேஸ்புக் பார்க்கத் தெரியாதவர்.

“அவுரு போட்டோவே எடுத்துக்கிட்டதில்ல சார். உங்ககிட்ட ஒண்ணு இருக்குதுன்னாங்க. மாலை போடணும்.”

கையிலிருந்த கல் தெரியாமல் வெட்டி, முகத்தை மட்டும் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டுக் கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

சிலைகளை உடைத்தது நான்தான். பழியை அவர்மேல் போட்டதும் நான்தான். மறைக்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் இன்று அவர் முகம் இருக்கிறதென்றால் அது என்னால்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.