குளிர் கேக்காத ஆப்பிள்

– அந்த ஆப்பிள் செடி வேண்டாம்ணே. மலைக்குப் போறவங்க கேட்டு வாங்குறது. கீழ சமவெளியில வச்சா இலை விடும், பூக்காது.

– நர்சரி வச்சிருக்கிற நீங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா? அதாவது, தண்ணி நல்லா ஊத்துவேன்.

– கேட்டுக்குங்க, அதுக்குத் தண்ணி பத்தாது, குளிர் வேணும். மாசக்கணக்குல குளிர்ல கிடந்தாதான் மொட்டு விடும். உங்க பக்கம் எப்படி?

– துவைச்ச துணி ரெண்டு நாளானாலும் காயாது. ஒரே புழுக்கம்.

– அப்ப இந்த அன்னா ரக ஆப்பிள எடுத்துக்குங்க. கொஞ்சம் குளிர் இருந்தாலே போதும். ஆனா தனியா நின்னா காய் சரியாப் பிடிக்காது. பக்கத்துல டார்செட் கோல்டன்னு இன்னொரு ரகம் இருக்கு, அதுல ஒண்ணும் வைங்க. ரெண்டும் ஒரே சமயத்துல பூக்கும், மிச்சத்த தேனீ பாத்துக்கும்.

– ஈரத்துக்கு இலை கெட்டுப் போகாதா?

– புள்ளி விழும்தான். தள்ளித் தள்ளி நடுங்க, காத்து நுழையட்டும். அடியில தண்ணி தேங்காம மேடு கட்டிக்குங்க.

– எப்ப காய்க்கும்?

– ரெண்டு மூணு வருஷம்.

– அவ்வளவு நாளா?

– ஆப்பிளுக்கு அதுவே சீக்கிரம்ணே. யாருக்கு இத்தனை அவசரம்?

– என் சம்சாரத்துக்கு. மலைக்காரி. லாரில லோடு ஏத்தப் போன இடத்துல பாத்துக் கட்டிக்கிட்டேன். கொல்லையில ஒரு ஆப்பிள் மரம் வச்சுத் தரேன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். அதாவது, முப்பது வருஷம் லாரியிலயே போயிடுச்சு.

– இப்பவாவது வைங்க. அக்கா சந்தோஷப்படுவாங்க.

– அவ வீட்ல இல்லம்மா. பொண்ணக் கட்டிக் குடுத்த மறுமாசம் அவங்கம்மா வீட்டுக்குப் போனவ, நாலு மாசமாச்சு. காய் பிடிச்சதும் படம் எடுத்து அனுப்பினா வந்துடுவா இல்ல?

– சண்டையா?

– அதெல்லாம் ஒண்ணுமில்ல. தினம் ஃபோன் பண்ணுவா. சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேப்பா. எப்ப வரேன்னு கேட்டா மட்டும் பேச்ச மாத்திடுவா.

– எப்படி மாத்துவாங்க?

– இங்க குளிர் ஆரம்பிச்சிடுச்சு, உங்களுக்கு ஸ்வெட்டர் பின்னிட்டேன், கை நீளம்தான் சரியான்னு தெரியலம்பா.

– அண்ணே, கேட்டுக்குங்க. அது பேச்ச மாத்துறது இல்ல.

– அப்ப, கை நீளம் நான் அங்க போயி போட்டுப் பாத்தாதான தெரியும்.

– என்னண்ணே, ரெண்டு செடியையும் கட்டித் தரட்டுமா?

– வேண்டாம்மா. மலைக்குப் போற பஸ் இங்க நிக்குமா?